சேவைச் சங்கமும் கிராமமும்: விழா முடிந்த பின் யார் பொறுப்பு?

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பல கிராமங்களில் மரக்கன்று நடும் விழாக்கள் நடைபெறுவதைக் காணலாம். நகரத்திலிருந்து சேவைச் சங்கத்தார் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நூறு கன்றுகள் நடப்படுகின்றன. அடுத்த சித்திரையில் அதே சாலையில் நடந்து போகிறவர் எத்தனை கன்றுகளைப் பார்க்கிறார்? பல இடங்களில் குழிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. சில குழிகளில் ஆடு கடித்த குச்சி நிற்கிறது.

இதற்குச் சங்கத்தாரின் நல்லெண்ணக் குறைவு காரணமன்று. ஊராரின் அக்கறையின்மை என்றும் சொல்லி விட முடியாது. தை முதல் வைகாசி வரை யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை, நடும் நாளில் ஒருவரும் முடிவு செய்யவில்லை என்பதே காரணம். கைப்பம்பு, பள்ளிக் கழிப்பறை, கால்நடை முகாம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சேவைச் சங்கம் எப்படி இயங்குகிறது என்பதை உழவர் பெருமக்கள் தெரிந்து கொண்டால், அதனிடமிருந்து நிலையான பயனைப் பெற முடியும். இங்கே ரோட்டரி சங்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதன் முறைகள் விளக்கப்படுகின்றன.

சங்கம் தோன்றிய விதம்

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடிப் பேசினார். அவர்களில் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் செய்பவர். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழற்சியாகக் கூடியதால் 'ரோட்டரி' என்ற பெயர் ஏற்பட்டது. ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்தவரும் இடம் பெற வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே வந்த கொள்கை. இதனால் ஒரே சங்கத்தில் மருத்துவர், பொறியாளர், ஆலை அதிபர், ஆசிரியர், உர வணிகர் ஆகியோரைக் காணலாம். கிராமத்திற்கு இது மிகவும் பயன்படக் கூடியது. சங்கத்தாரிடம் பணம் மட்டும் இருப்பதில்லை. பலவகைத் தொழில் அறிவும் அங்கே ஒன்று சேர்ந்திருக்கிறது.

சிகாகோ சங்கம் 1907இல் கையிலெடுத்த முதல் பொதுப்பணி, நகரத்தில் பொதுக் கழிப்பறை அமைக்கச் செய்ததாகும். இந்தியாவில் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும் சங்கங்கள் ஏற்பட்டன. பின்னர் மாவட்டத் தலைநகரங்களுக்கும் சிறு நகரங்களுக்கும் பரவின. 1989 முதல் உலகெங்கும் உள்ள சங்கங்களில் பெண்களும் உறுப்பினராகச் சேர வழி செய்யப்பட்டது.

இதே போன்று செயல்படும் அரிமா சங்கம் எனப்படும் லயன்ஸ் சங்கம் 1917இல் தோன்றியது. 1925இல் ஹெலன் கெல்லர் அம்மையார் அதன் மாநாட்டில் விடுத்த வேண்டுகோளுக்குப் பின், பார்வை தொடர்பான பணிகளில் அச்சங்கம் தனிக் கவனம் செலுத்தி வருகிறது.

கூட்டமும் ஆண்டுக் கணக்கும்

ரோட்டரி சங்கங்கள் நெடுங்காலம் வாரம் ஒருமுறை கூடி வந்தன. 2016இல் விதிகள் தளர்த்தப்பட்ட பின், மாதத்திற்கு இருமுறையேனும் கூடினால் போதும் என்றாயிற்று. தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். செயலாளர் அறிவிப்புகளைச் சொல்வார். பிறகு அழைக்கப்பட்ட ஒருவர் ஏதேனும் ஒரு பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுவார். இந்தப் பேச்சாளர் பெரிய அதிகாரியாகவோ அறிஞராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தம் ஊரின் ஏரியைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ தெளிவாகப் பேசக்கூடிய உழவர் ஒருவரையும் அழைக்கலாம். சங்கச் செயலாளரை அணுகி இதற்கு வாய்ப்புக் கேட்பதில் தவறில்லை.

உழவர்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது சங்கத்தின் ஆண்டுக் கணக்காகும். ரோட்டரி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. அன்றோடு தலைவரும் செயலாளரும் குழுத் தலைவர்களும் மாறுகிறார்கள். அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்கள் முந்தைய டிசம்பருக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டு விடுவது வழக்கம். கோடைக் காலத்தில் அவர்கள் தங்கள் ஆண்டுக்கான திட்டங்களை வகுக்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, மே மாதம் வந்து சேரும் கோரிக்கை திட்டத்தில் இடம் பெறும். பிப்ரவரியில் வரும் கோரிக்கைக்குப் பெரும்பாலும் நிதி மீதமிருக்காது. இரண்டு, வாக்குக் கொடுத்த தலைவர் ஓராண்டில் பொறுப்பிலிருந்து விலகி விடுவார். ஆனால் கிராமம் அங்கேயே இருக்கும். ஆகவே பல ஆண்டு கவனிப்புத் தேவைப்படும் எந்தப் பணிக்கும் பொறுப்பாளர் கிராமத்திலேயே இருக்க வேண்டும்.

கோரிக்கை வைக்கும் முறை

மே 1 அன்று நடைபெறும் கிராம சபைக் கூட்டம் இதற்கு ஏற்ற தருணமாகும். அங்கே ஊரின் தேவைகளைப் பேசி, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் நிறைவேற்றிக் கொள்ள வேண்டும். பத்துத் தேவைகளைப் பட்டியலிட்டு எடுத்துச் செல்வதைக் காட்டிலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்வது நல்லது. கோரிக்கைக் கடிதத்தில் கீழ்க்கண்ட ஐந்து செய்திகள் இருத்தல் அவசியம்.

1. தேவை என்ன, எத்தனை குடும்பங்களுக்கு, எத்தனை கால்நடைகளுக்குப் பயன்படும்?

2. செய்ய வேண்டிய வேலை என்ன, தோராயமாக எவ்வளவு செலவாகும்?

3. அதில் ஊரார் பங்கு என்ன? பணமாக இல்லாவிடினும் உழைப்பு, வண்டி, இடம், சாப்பாடு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டலாம்.

4. அரசுத் துறையின் அனுமதி தேவையா, அது பெறப்பட்டு விட்டதா?

5. வேலை முடிந்த பின் பராமரிக்கப் போகிறவர்கள் யார்? பெயர்களுடன் எழுத வேண்டும்.

பெரும்பாலான கடிதங்களில் ஐந்தாவது செய்தி இருப்பதில்லை. ஆனால் சங்கத்தார் விரும்பிக் கேட்பதும் அதுவே. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம், 30,000 டாலருக்குக் குறையாத திட்டங்களுக்கு வழங்கப்படுவது. அதற்கு விண்ணப்பிக்கும் சங்கங்கள், ஊரின் தேவையை முன்கூட்டியே ஆராய்ந்து அறிந்ததையும், நிதி தீர்ந்த பின் திட்டம் எப்படி நிலைக்கும் என்பதையும் காட்ட வேண்டும் என்பது விதி. சிறு பணிகளுக்கும் இந்த விதியைக் கடைப்பிடிப்பது நலம்.

மரக்கன்று: முதலில் தண்ணீர்க் கணக்கு

சங்கத்தின் ஆண்டு ஜூலையில் தொடங்குவதால் மரம் நடும் விழாவும் அப்போதே வந்து விடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் இது சரியே. ஆனால் தமிழகத்தின் பெரும்பகுதியில் ஆடி மாதம் காற்றும் வறட்சியும் உள்ள காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள ஊர்களில் விழாவைப் புரட்டாசிக் கடைசிக்கோ ஐப்பசிக்கோ தள்ளி வைக்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். காரணத்தை விளக்கினால் அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் 2 அடி இருக்குமாறு குழிகளை ஒரு மாதம் முன்பே எடுத்து ஆறப்போட வேண்டும். நடும்போது மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பலாம். வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை ஆகியவை சாலையோரத்திற்கு ஏற்றவை. கன்றுகள் இடுப்பளவு உயரம் வளர்ந்தவையாக இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இனித் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். கன்று ஒன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றுவதாகக் கொள்வோம். நூறு கன்றுகளுக்கு வாரத்திற்கு 2,000 லிட்டர் ஆகிறது. கோடையின் 16 வாரங்களுக்கு 32,000 லிட்டர் வேண்டும். அதாவது 1,000 லிட்டர் தொட்டியை டிராக்டரில் வைத்து 32 நடை ஓட்ட வேண்டும். இரண்டாவது கோடையிலும் ஓரளவு தண்ணீர் தேவைப்படும். இதற்கு ஆளும் வண்டியும் டீசலும் இல்லையென்றால் நூறு கன்றுகள் நடுவது வீண்.

அதற்கு மாறாக 25 கன்றுகளை மட்டும் 25 வீடுகளின் முன்னால் நட்டால், ஒரு வீட்டார் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். பிழைத்து நிற்கும் 25 மரங்கள், காய்ந்து போன நூறு கன்றுகளை விட மேலானவை அல்லவா? சங்கத்தாரிடம் கூடுதல் கன்று கேட்பதை விட, கன்றைக் காக்கும் கூண்டுகளைக் கேட்பது பயன் தரும். கூண்டு கிடைக்காத இடங்களில் சீமைக்கருவேல முள்ளைக் கொண்டு அடைப்புக் கட்டி ஆடுகளிடமிருந்து காக்கலாம்.

ஏரிக்கரைகளுக்குப் பனை மிகவும் ஏற்றது. பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் கொட்டைகளைச் சேகரித்து, ஒரு சாண் ஆழத்தில் 10 அடி இடைவெளியில் ஊன்றினால், மழையைக் கொண்டே முளைத்துக் கொள்ளும். பள்ளி மாணவர்களைக் கொண்டு செய்வதற்கு இதை விட எளிய பணி இல்லை.

கால்நடை முகாம்: இரண்டாவது வருகை முக்கியம்

சேவைச் சங்கங்கள் கால்நடை மருத்துவ முகாம்களையும் நடத்துகின்றன. இதை உள்ளூர்க் கால்நடை உதவி மருத்துவருடன் கலந்தே திட்டமிட வேண்டும். கோமாரி நோய்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை அரசே தடுப்பூசி போட்டு வருவதால், அதே பணியைச் சங்கம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சினை பிடிக்காத மாடுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் முகாம், உழவருக்கு நேரடியாக வருமானம் தரக் கூடியது.

ஆனால் ஒரே நாள் முகாமால் இதில் முழுப் பயன் கிடைக்காது. பசுவின் சினைப் பருவம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வருவதாகும். முகாமில் பரிசோதித்த மாடு அடுத்த முறை பருவத்திற்கு வந்ததா என்று கவனித்துச் சினை ஊசி போட வேண்டும். அதன் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சினைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆகவே முகாம் நடத்த முன்வரும் சங்கத்திடம் மூன்று தேதிகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு அட்டை எழுதி, ஊரில் ஒருவர் அவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். மேடை, பந்தல் ஆகியவற்றுக்குச் செலவிடும் தொகையில் தாது உப்புக் கலவை வாங்கித் தரச் செய்தால், கறவை மாட்டுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் வீதம் கொடுத்து வரலாம். இதனால் சினை பிடிப்பதில் நல்ல முன்னேற்றம் காணலாம்.

கண் முகாம் தரும் பாடம்

சேவைச் சங்கங்களின் பணிகளில் நன்கு வேரூன்றியது கண் முகாம் ஆகும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் முகாம்கள் நடத்துவதில் சங்கங்களைத் துணையாகக் கொண்டது. விளம்பரம், இடம், ஆட்களைத் திரட்டுதல் ஆகியவற்றைச் சங்கத்தார் கவனிக்க, மருத்துவத்தை மருத்துவமனை கவனித்தது.

தொடக்கக் காலத்தில் ஒரு குறை தென்பட்டது. இலவச அறுவைக்கு வருமாறு சொல்லியும் கண்புரை உள்ளவர்களில் பலர் வரவில்லை. காரணம் பயம் மட்டுமன்று. பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு ஆகியவை அவர்களைத் தடுத்தன. இதை உணர்ந்த பிறகு நோயாளிகளை வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை செய்து, ஊரிலேயே திரும்பக் கொண்டு விடும் முறை ஏற்பட்டது. வந்தவர் தொகை பெருகியது. பொருளை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது; அதைப் பெற ஏழை கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் முகாம் வைத்தால் கூட்டம் சேராததும் இதனால்தான்.

ஏரி வண்டலும் மண் பரிசோதனையும்

ஏரி, குளம் தூர் வாருவதற்குச் சங்கத்தார் இயந்திரம் தந்து உதவுவதுண்டு. இதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து முறைப்படி அனுமதி பெற வேண்டும். கரையை ஒட்டி மண் எடுத்தால் கரை பலவீனமடையும். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டினால் அந்த நீர் பாசனத்திற்கு வராது. வரத்து வாய்க்கால் அடைந்து கிடக்கும்போது ஏரியை மட்டும் ஆழப்படுத்துவதால் பயனில்லை. முதலில் வாய்க்காலைச் சீர்ப்படுத்தச் சொல்ல வேண்டும். எடுத்த வண்டலைச் செம்மண், மணற்பாங்கான நிலங்களில் இட்டால் ஈரம் காக்கும் திறன் கூடும்.

மண் பரிசோதனை முகாம் செலவு குறைந்த, பயன் மிகுந்த பணியாகும். அறுவடைக்குப் பின், உரமிடுவதற்கு முன், வயலில் 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, பகுத்துக் குறைத்து அரைக் கிலோ எடுக்க வேண்டும். முடிவுகள் வந்ததும் அவற்றை விளக்கிச் சொல்ல இரண்டாவது கூட்டம் ஒன்று தேவை. விளக்கப்படாத அட்டை பெட்டிக்குள் போய்விடும்.

மாணவருக்கும் இளைஞருக்கும்

ரோட்டரியின் இளைஞர் பணிகளில் மூன்றை இங்கே காணலாம். பள்ளி மாணவர்களுக்கான 'இன்டராக்ட்' சங்கம் 1962இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. 12 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் இதில் சேரலாம். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பணிகளை இவர்கள் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று தம் பள்ளிக்கோ ஊருக்கோ உதவுவதாக இருக்கும். 18 வயது நிறைந்தவர்களுக்கான 'ரோட்டராக்ட்' 1968இல் ஏற்பட்டது. இதற்கிருந்த 30 வயது வரம்பு 2020இல் நீக்கப்பட்டது. தலைமைப் பண்பை வளர்க்கும் 'ரைலா' என்ற பயிற்சி முகாம், ஆஸ்திரேலியாவில் 1959இல் தோன்றி, 1971இல் ரோட்டரியின் திட்டமாக ஏற்கப்பட்டது.

இவை நகரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. கிராம உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் விரும்பினால், அருகிலுள்ள சங்கத்தின் ஆதரவுடன் இன்டராக்ட் சங்கம் தொடங்கலாம். அதற்கு ஏற்ற நல்ல பணி ஒன்று உண்டு. பள்ளி வளாகத்தில் மழைமானி ஒன்றை நிறுவி, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, ஊர்ப் பலகையில் எழுதி வரலாம். ஒரு ஏக்கரில் பெய்யும் 1 மி.மீ. மழை ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீருக்குச் சமம். மானாவாரி விதைப்புக்கும் உரமிடுவதற்கும் இந்தக் கணக்கு உழவருக்குப் பயன்படும். மாணவருக்கோ, தம் உழைப்பைப் பெரியவர்கள் நம்பி நடக்கிறார்கள் என்ற பெருமிதம் உண்டாகும்.

இங்கும் தொடர்ச்சியைக் கவனிக்க வேண்டும். 12ஆம் வகுப்பு மாணவர் பள்ளியை விட்டுச் சென்று விடுவார். எனவே ஒவ்வொரு மூத்த மாணவருடனும் 9ஆம் வகுப்பு மாணவர் ஒருவரைச் சேர்த்துப் பழக்க வேண்டும். விடுமுறை நாட்களில் பள்ளிக்கு அருகில் வசிப்பவர் அளவெடுக்கலாம். தேர்வுக் காலத்தில் புதிய பணி எதையும் தொடங்கலாகாது.

ஊரிலேயே ஒரு குழு

பராமரிப்புக்கு ஒரு வழியை ரோட்டரியே வகுத்துள்ளது. 1986இல் பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த கப்பாராஸ் என்பவர் உலகத் தலைவராக இருந்தபோது 'ரோட்டரி கிராமக் குழு' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இப்போது அது 'ரோட்டரி சமுதாயக் குழு' எனப்படுகிறது. இதில் சேருபவர்கள் ரோட்டரி உறுப்பினர்கள் அல்லர், அந்த ஊர்க்காரர்களே. பத்துப் பேர் இருந்தாலே குழு அமைக்கலாம். தங்கள் ஊருக்கு என்ன தேவை என்று முடிவு செய்து, நகரச் சங்கத்தின் துணையுடன் நிறைவேற்றுவது இவர்கள் பணி.

இந்தக் குழுவில் பெண்கள் பாதியேனும் இருப்பது நல்லது. தண்ணீர் சுமப்பவரும் கறவை மாட்டைக் கவனிப்பவரும் அவர்களே ஆதலால், எந்தப் பணி நிலைக்கும், எது நிலைக்காது என்பது அவர்களுக்கு நன்கு தெரியும். குழு ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ள வேண்டும். செய்த வேலை, செலவு, பழுது பார்த்த நாள், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதி, ஜூலையில் புதிய தலைவர் பொறுப்பேற்றவுடன் அவரிடம் காட்ட வேண்டும். முந்தைய ஆண்டுப் பணி உயிருடன் இருப்பதைப் பார்க்கும் தலைவர் அந்த ஊரை மறக்க மாட்டார்.

தொடர்ச்சியின் வலிமை

ஆண்டுதோறும் தலைவர் மாறும் சங்கம் ஒன்றால் நீண்ட காலப் பணியைச் செய்ய முடியுமா என்ற ஐயம் எழலாம். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியை ரோட்டரி 1985இல் உலகளவில் மேற்கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனமும் அரசுகளும் இணைந்து உழைத்தன. சொட்டு மருந்து நாட்களில் சங்கத்தாரும் இளைஞர்களும் சாவடிகளில் அமர்ந்தனர். இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. இதற்குள் பழைய சங்கங்கள் ஒவ்வொன்றிலும் 29 தலைவர்கள் வந்து போயிருப்பார்கள். பணி மட்டும் மாறவில்லை. அடுத்தவரிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டதே அதற்குக் காரணம்.

அந்த ஒழுங்கையே கிராமம் தன் அளவில் கடைப்பிடிக்க வேண்டும். வரும் மே மாதத்திற்குள் ஒரு தேவையைத் தேர்ந்தெடுத்து, பராமரிப்பவர் பெயர்களை எழுதி, அருகிலுள்ள சங்கத்தின் செயலாளரைச் சந்திக்கலாம். அடுத்த ஐப்பசியில் நடும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உறுதியான பிறகு விழாவுக்கு நாள் குறித்தால், அதற்கடுத்த சித்திரையில் அந்தச் சாலையில் நடப்பவர் கன்றுகள் துளிர்த்து நிற்பதைக் காண்பார்.